உச்சிவேளைக் கழுகு ஏன் வரவில்லை?

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் செங்கல்பட்டு போய் இறங்க வேண்டும். அங்கிருந்து மகாபலிபுரம் போகும் சாலையில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். விடியற்காலையில் புறப்பட்டால் உச்சிவேளைக்குள் மலை ஏறிவிடலாம். ஒரு கையில் புளியோதரைப் பொட்டலம், மறு கையில் குழந்தையின் கை. ஏறுவதற்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களிலிருந்து ஜனங்கள் இப்படித்தான் குடும்பம் குடும்பமாக அங்கே போனார்கள்.

வேதகிரீஸ்வரர் தரிசனம் ஒரு காரணம். இன்னொரு காரணம், கழுகு தரிசனம்.

உச்சிவேளை நெருங்கும். கோயிலைச் சேர்ந்தவர் ஒருவர் பாறை மீது வந்து உட்காருவார். அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்த உணவு அவர் முன்னே இருக்கும். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு ஆகாயத்தைப் பார்க்கும். முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். பிறகு இன்னொன்று. இரண்டும் வட்டமிட்டு இறங்கும். தத்தித் தத்தி நடந்து வந்து உணவைத் தின்னும். பிறகு கிளம்பிப் போய்விடும். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அதைப் பார்த்தவர்கள் அதை மறக்கவே இல்லை.

சில நாட்களில் பறவைகள் வராது. அன்று மலை மேல் ஒரு முணுமுணுப்பு எழும். "கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறார்!" ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். தன்னைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வருவதில்லை!

1990-களின் இறுதியில் அந்தப் பறவைகள் வருவது நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மலை இருக்கிறது, படிகள் இருக்கின்றன, கோயில் இருக்கிறது. கழுகு இல்லை.

அப்படியானால் அந்தப் பாவி யார்?

முனிவரா, பறவையா?

புராணக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எட்டு முனிவர்கள் சிவபெருமானால் தண்டிக்கப்பட்டுக் கழுகுகளானார்கள். யுகத்துக்கு இருவராக அவர்களுக்கு விமோசனம். கலியுகத்துக்கு உரியவர்கள் கடைசி இருவர். வெகு தூரத்திலுள்ள க்ஷேத்திரங்களில் நீராடிவிட்டு இவர்கள் உணவுக்கு இங்கே வருகிறார்கள் என்று சொல்வார்கள்.

பறவை நூல் வல்லவர்கள் சொல்வது வேறு. இது மஞ்சள்முகப் பாறு என்ற பறவை. உடல் வெள்ளை. இறக்கையின் ஓரம் கறுப்பு. முகம் மஞ்சள் பூசியது போல இருக்கும். இறக்கையை விரித்தால் ஐந்து அடிக்கு மேல் வரும். பாறைக் குன்றுகளின் இடுக்குகளில் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்ததும் உண்டு. ஒரே ஜோடி நூற்றாண்டுக் கணக்கில் வந்திருக்க முடியாது. ஒரு ஜோடி போக, இன்னொரு ஜோடி அந்த மலையையும் அந்தச் சோற்றையும் பழகிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அதிசயம் குறைந்துவிடுகிறதா? ஒரு பறவை மனிதனை நம்பித் தலைமுறை தலைமுறையாகக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து சாப்பிட்டதே, அது போதாதா!

இது புத்திசாலிப் பறவையும் கூட. ஆப்பிரிக்காவில் இதன் இனத்தவை தீக்கோழி முட்டையைக் கண்டால் என்ன செய்கின்றன தெரியுமா? அந்த ஓடு மிகவும் கெட்டி. அலகால் உடையாது. ஆகவே ஒரு கல்லை அலகில் கவ்வி, தலையை உயர்த்தி, முட்டை மீது எறியும். உடையும் வரை எறியும். 1966-ல் இதைப் பார்த்து உலகத்துக்கு எழுதியவர்களில் ஒருவர், குரங்குகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜேன் குடால் அம்மையார்.

மலை முகட்டுக் குடும்பம்

பாறு என்பது பழந்தமிழ்ச் சொல். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் ஏசுகிறோமே, அந்தப் பறவைகளுக்கு இதுதான் சரியான பெயர். கழுகு வேட்டையாடும். பாறு வேட்டையாடாது. அதன் கால் கோழிக் காலைப் போல நடக்க ஏற்றது. இரையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் பிடி அதற்கு இல்லை. கோழிக் குஞ்சைப் பாறு தூக்கிப் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பருந்தின் வேலை.

பாறுகளில் மலையையே வீடாகக் கொண்டது கருங்கழுத்துப் பாறு. மஞ்சள்முகப் பாறுக்கு இது பெரிய அண்ணன் மாதிரி. ஆறு கிலோ வரை எடை இருக்கும். இறக்கை விரித்தால் ஏறக்குறைய ஏழு அடி. தமிழ்நாட்டில் இன்று இதைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடும் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

செங்குத்தான பாறைச் சுவர். அதில் ஒரு முழம், இரண்டு முழம் அகலத்துக்கு ஒரு திண்டு. அதுதான் வீடு. குச்சிகளை அடுக்கிக் கூடு. பாறையில் சுண்ணாம்பு ஊற்றியது போல வெள்ளை வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கும். கூடு எங்கே என்று தேடுபவர்களுக்கு அதுதான் அடையாளம்.

வருஷத்துக்கு ஒரு முட்டை. ஒன்றே ஒன்று! அதையும் தாயும் தகப்பனும் மாறி மாறிச் சுமார் ஏழு வாரம் அடைகாக்கின்றன. ஒன்று இரை தேடப் போனால் மற்றது கூட்டை விட்டு அகலாது. குஞ்சு பொரித்த பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் ஊட்டி வளர்க்க வேண்டும். இரையைத் தொண்டைப் பையில் நிரப்பிக்கொண்டு வந்து, கக்கிக் கொடுக்கும். அந்தக் குஞ்சு வளர்ந்து, ஜோடி சேர்ந்து, தானும் ஒரு முட்டை இட ஐந்து வருஷம் போல ஆகிவிடும்.

இந்தக் கணக்கை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கோழி பத்து போனால் அடுத்த வருஷம் நூறாகும். பாறு பத்து போனால் அதை ஈடுகட்ட எத்தனையோ வருஷம் பிடிக்கும்.

காலை எட்டு மணிக்குப் பாறு பறக்காது. சோம்பல் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு கனமான உடலை இறக்கை அடித்துத் தூக்கிக்கொண்டு போனால் தின்றதெல்லாம் அதற்கே செலவாகிவிடும். வெயில் ஏறிப் பாறை சூடாகும் வரை காத்திருக்கும். சூடான காற்று மேலே எழும்பும்போது இறக்கையை விரித்து அதில் ஏறிக்கொள்ளும். பிறகு இறக்கையை அசைக்காமலே பல மைல் போகும். ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்பக் கூடியது. எவ்வளவு உயரம் பறக்கும்? 1973 நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவில் அபிஜான் நகரத்துக்கு மேலே ஒரு விமானத்தின் மீது இதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் பாறு ஒன்று மோதியது. அப்போது விமானம் பறந்த உயரம் சுமார் 37,000 அடி! இமயமலையின் சிகரமே 29,000 அடி சொச்சம்தான்.

மோப்பத்தால் பிணத்தைக் கண்டுபிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டுப் பாறுகளுக்கு எல்லாம் கண்தான். அதோடு ஒன்றையொன்று கவனிக்கும். எங்கோ ஒரு பாறு சட்டென்று இறங்கினால், தூரத்தில் பறப்பது அதைப் பார்த்துத் திரும்பும். அதைப் பார்த்து இன்னொன்று. தந்தி கொடுத்தது போலச் செய்தி ஆகாயத்தில் பரவிவிடும். அரை மணி நேரத்தில் ஒரு கூட்டமே வந்து இறங்கும்.

தலையிலும் கழுத்திலும் இறகு குறைவு. அழகில்லை என்று ஒதுக்குகிறோம். ஆனால் செத்த மாட்டின் வயிற்றுக்குள் தலையை விட்டுத் தின்கிற பறவைக்கு அடர்ந்த இறகு இருந்தால் ரத்தமும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளாதா? உடம்பின் உஷ்ணத்தைத் தணிக்கவும் இந்த வெறும் கழுத்து உதவுகிறது. அதன் இரைப்பையில் சுரக்கும் அமிலமோ மிகக் கடுமையானது. நமக்கும் மாட்டுக்கும் வியாதி தருகிற கிருமிகள் பலவும் அதில் அழிந்துபோகின்றன. அடைப்பான் கண்டு செத்த மாட்டைத் தின்றாலும் பாறுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இப்படி எதைத் தின்றாலும் ஜீரணிக்கிற பறவையை எது கொன்றது?

மருந்துப் புட்டி

1980-களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. 1990-களில் அவை செத்து விழ ஆரம்பித்தன. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் இதைக் கவனித்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ். பாறுகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும். சில நாளில் கீழே விழுந்து கிடக்கும். ஏதோ தொற்று வியாதி என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். பூச்சி மருந்தாக இருக்கும் என்றும் சொன்னார்கள்.

உண்மை 2004-ல் வெளிவந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்க மிருக வைத்திய நிபுணரும் அவரது குழுவினரும் பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். குடலிலும் ஈரலிலும் வெள்ளை மாவு படிந்தது போல இருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாமல் நின்றுபோய், வெளியே போக வேண்டிய யூரிக் அமிலம் உடம்பெல்லாம் படிந்துவிட்டது. காரணம், மாட்டுக்குப் போடும் ஒரு வலி மருந்து. பெயர் டைக்ளோபினாக்.

மாடு நொண்டினால் போடுகிற ஊசி. மடி வீங்கினால் போடுகிற ஊசி. காய்ச்சல் அடித்தால் போடுகிற ஊசி. விலை மலிவு, வேகமாகக் கேட்கும். மாட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால், பாறு செத்துப்போகும். மாட்டை அடித்து விற்காமல், வயது முதிர்ந்து சாகும் வரை வைத்துக் காப்பாற்றுவது நம் நாட்டு வழக்கம். கடைசி நாட்களில் வைத்தியம் செய்வதும் நம் வழக்கம். இரண்டும் நல்ல வழக்கங்களே. அவற்றுக்கு நடுவே இந்தப் புட்டி புகுந்துவிட்டது.

1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. மலையில் வாழும் கருங்கழுத்துப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு போய்விட்டது. திருக்கழுக்குன்றத்தின் மஞ்சள்முகப் பாறும் அதே ஆண்டுகளில் ஐந்தில் நாலு பங்கு குறைந்தது.

எல்லோரும் எல்லா மாட்டுக்கும் இந்த ஊசியைப் போட்டார்களா? இல்லை. இங்கேதான் கவனிக்க வேண்டும். செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இத்தனை நாசமும் நடக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டைச் சுற்றி ஐம்பது பாறு இறங்குகிறது அல்லவா? ஒரு புட்டி ஒரு மந்தையைக் கொன்றுவிடும். "நான் ஒருத்தன் போட்டால் என்ன ஆகிவிடும்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

நாயும் நாமும்

பாறு போனால் போகட்டும், நமக்கென்ன என்று கேட்பவர் உண்டு. அவர்கள் ஊர்க்கோடியில் செத்த மாடு போடப்படும் இடத்தைப் போய்ப் பார்க்கட்டும். பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும் உடல், இப்போது நாள்கணக்கில் கிடந்து நாறுகிறது. பாறு இருந்த இடத்தில் நாய்கள் கூடுகின்றன. நாய்க்கு அந்த இரைப்பை அமிலம் இல்லை. கிருமி சாவதில்லை, ஊருக்குள் திரும்பி வருகிறது. தின்று கொழுத்த நாய் குட்டி போடுகிறது. குட்டி வளர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடிக்கிறது. வெறிநாய்க் கடி என்றால் என்ன என்று எந்தத் தாய்க்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2024-ல் ஏயல் பிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். பாறுகள் முன்பு நிறைய இருந்த ஜில்லாக்களையும் இல்லாத ஜில்லாக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாறு அழிந்த இடங்களில் ஜனங்களின் சாவு விகிதம் நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் இந்தியாவில் சுமார் ஐந்து லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. ஒரு பறவை இல்லாமல் போனதற்கு ஐந்து லட்சம் உயிர்!

சட்டம் இருக்கிறது, புட்டியும் இருக்கிறது

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2006-ல் மாட்டு வைத்தியத்துக்கு டைக்ளோபினாக் தயாரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனால் மனிதருக்கான அதே மருந்து பெரிய பெரிய புட்டிகளில் கடைகளில் இருந்தது. மாட்டுக்கு அது கைமாறியது. 2015-ல் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. மனிதருக்கான ஊசி மருந்தை மூன்று மில்லிக்கு மேல் புட்டியில் அடைக்கக் கூடாது. மாட்டுக்குப் போட வேண்டுமானால் பல புட்டிகளை உடைக்க வேண்டும். யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது எண்ணம். மருந்துக் கம்பெனிகள் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயின. 2017-ல் சென்னை உயர்நீதிமன்றம் கட்டுப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் என்ற இரண்டு மருந்துகளும் மாட்டு வைத்தியத்தில் தடை செய்யப்பட்டன. அசிக்ளோபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது. வேஷம் மாற்றிக்கொண்டு வந்த பழைய திருடன்!

உத்தரவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் முதல் தடைக்கும் 2023 தடைக்கும் இடையே பதினேழு வருஷம். பாறு வருஷத்துக்கு ஒரு முட்டை இடுகிறது. சர்க்கார் அதைவிட மெதுவாக நடந்தால் எப்படி? தடை செய்த மருந்து கடையில் இருக்கிறதா என்று பார்ப்பது உத்தியோகஸ்தர்களின் வேலை. கடைக்காரரை எச்சரித்துவிட்டு வருவது போதாது. சரக்கை எடுத்துப்போய் அழிக்க வேண்டும். மாட்டு ஆஸ்பத்திரிகளில் மாற்று மருந்து எப்போதும் இருப்பு இருக்க வேண்டும். அங்கே இல்லை என்றால் விவசாயி எங்கே போவார்? கடைக்குத்தான் போவார், கடைக்காரர் கொடுப்பதைத்தான் வாங்குவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மாற்று மருந்து உண்டா? உண்டு. மெலாக்சிகம் என்பது அதன் பெயர். மாட்டின் வலியையும் வீக்கத்தையும் அது தணிக்கும்; பாறுக்குத் தீங்கில்லை. பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தே இதை உறுதி செய்திருக்கிறார்கள். டோல்பினமிக் அமிலம் என்ற இன்னொரு மருந்தும் பாதுகாப்பானது என்று தெரிந்திருக்கிறது.

மற்றொரு கொடுமையும் உண்டு. புலியோ செந்நாயோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் அந்தப் பிணத்தில் விஷம் வைத்துவிடுகிறார்கள். புலி வந்தாலும் வராவிட்டாலும் பாறு வந்துவிடும். மாட்டை இழந்தவருக்கு நஷ்ட ஈடு தாமதமின்றிக் கிடைத்தால் விஷத்துக்கு வேலை இராது.

கீழ்பென்னாத்தூருக்கு என்ன சம்பந்தம்?

மோயாறு எங்கே, கீழ்பென்னாத்தூர் எங்கே? நியாயமான கேள்விதான். 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே சமயத்தில் பாறுகளை எண்ணினார்கள். மொத்தம் 246. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி எண்ணியபோது 320. மூன்று ராஜ்யங்களுக்கும் சேர்த்தே இவ்வளவுதான்! திருவண்ணாமலை தீபத்துக்கு வருகிற பஸ்களில் ஐந்தாறு பஸ் கூட்டம். அதில் மஞ்சள்முகப் பாறு நாலே நாலு.

அவை மோயாற்றிலேயே அடைந்து கிடக்கப் பிறந்தவை அல்ல. சின்னப் பறவைகள் வளர்ந்ததும் ஊர் ஊராகச் சுற்றும். பாறுக்கு ஜில்லா எல்லை தெரியாது. இந்தப் பக்கத்துக் குன்றுகளிலும் பாறைக்குப் பஞ்சமில்லை. செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்தால் போதும். வீடு தயாராக இருக்கிறது. சாப்பாட்டில்தான் விஷம் இருக்கக் கூடாது. ஒரு தாலுகாவில் நல்ல மருந்தும் அடுத்த தாலுகாவில் கெட்ட மருந்தும் இருந்தால், பறந்து வருகிற பாறு அடுத்த தாலுகாவில் விழுந்து சாகும்.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் பால் மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மாட்டைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிதான். அதற்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர். வைத்தியரைக் கூப்பிடச் சொல்பவரும் அவர். வைத்தியர் ஊசியை எடுக்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்கலாம்: "ஐயா, இது மெலாக்சிகமா, டைக்ளோபினாக்கா?" எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் புட்டியை வாங்கிப் பெயரைப் படிக்கச் சொல்லலாம். வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், தடை உத்தரவை அவருக்கு நினைவுபடுத்துவதில் தவறில்லை.

மாடு செத்துவிட்டால், அதற்கு முந்திய நாட்களில் என்ன ஊசி போட்டார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வலி மருந்து போட்டிருந்தால் உடலைத் திறந்தவெளியில் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதே நல்லது. நாயும் கூடாது, நாற்றமும் இராது.

அண்ணாமலை மீது தீபம் ஏற்றுகிற கார்த்திகை மாதத்தை ஒட்டித்தான் மோயாற்றுப் பாறைத் திண்டுகளிலும் கூடு கட்டும் காலம் தொடங்குகிறது. தாய் ஒரு முட்டை இடும். தகப்பன் வெயில் ஏறும் வரை பாறையில் காத்திருந்து, பிறகு இறக்கையை விரித்து இரை தேடக் கிளம்பும்.